பாலாற்றங்கரைச் சாட்சிகள்

1947 இல் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் செங்கல்பட்டை அடுத்த திருமணிக்கு வந்தார். அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனையைத் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். போகும் இடமெல்லாம் விரல் மடங்கிச் சூம்பிய கைகளையே கண்ட பிராண்ட், எலும்பு மருத்துவர் ஒருவர்கூட இந்தக் கைகளை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டார். பிறகு நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலி பொறுக்க முடியாத அளவுக்கு அந்தப் பிடி இறுகியது. சில தசைகள்தாம் செயலிழந்திருக்கின்றன, மற்றவை நல்ல வலுவோடு இருக்கின்றன என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டே வேலூரில் தொடங்கிய தசைநாண் மாற்று அறுவை சிகிச்சைகளுக்குத் திருமணியில் கிடைத்த அந்தப் பிடிதான் தொடக்கம்.

பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெசி மலைக்கிராமங்களில் நற்செய்தி சொல்லியும் மருந்து கொடுத்தும் வாழ்ந்து, 1929 இல் காய்ச்சலில் இறந்தார். தாய் ஈவ்லின் முதுமையிலும் தமிழக மலைமக்களிடையே பணிசெய்து 1974 இல் இறந்தார். பெற்றோர் ஊர் ஊராகப் போய் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள். மகன் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். இதில் எது நற்செய்திப் பணி, எது மருத்துவப் பணி என்று பிரித்துச் சொல்ல அந்தக் குடும்பத்தில் யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. நம் சபைகளில் அந்தப் பிரிவினை நன்றாக வேரூன்றிவிட்டது. ஊழியம் ஊழியக்காரருக்கு, காணிக்கை விசுவாசிக்கு என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். அலுவலகத்திலும் வயலிலும் மீன்சந்தையிலும் ஒரு கிறிஸ்தவர் தம் விசுவாசத்தை எப்படிப் பகிர்வது என்ற கேள்வி, ஞாயிறு ஆராதனைப் பிரசங்கத்தில் எழுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது.

செங்கல்பட்டும் மாமல்லபுரம் கடற்கரையும் இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகப் பதில் எழுதிவருகின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று உண்டு. சொல்பவர் கேட்பவரோடு சேர்ந்து இழப்பை ஏற்ற இடத்தில், கேட்பவர் 'வேண்டாம்' என்று சொல்லவும் உரிமை பெற்றிருந்த இடத்தில், அந்தச் சொல் நம்பப்பட்டிருக்கிறது.

திருமணி மருத்துவமனை 1920களில் லேடி வில்லிங்டன் பெயரில், ஸ்காட்லாந்து சபை மிஷனின் பொறுப்பில் வளர்ந்தது. தொழுநோய்க்கான டாப்சோன் மருந்தை இந்தியாவில் முதன்முதலில் கொடுத்துப் பார்த்த இடங்களில் இதுவும் ஒன்று. 1955 இல் மத்திய அரசு அதை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிலையமாக்கியது. அன்றோடு பெயர்ப்பலகையில் சபை இல்லை, நிர்வாகத்திலும் சபை இல்லை. இதைச் சபையின் இழப்பாகச் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்கு வெளியே துரத்தப்பட்டவர்களைத் தொட்டுச் சிகிச்சை செய்வது அரசின் கடமை என்று அரசையே ஒப்புக்கொள்ள வைத்ததைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்க முடியும்?

செங்கல்பட்டு நகரத்தில் புனித கொலம்பா பள்ளியைப் போன்ற கல்வி நிலையங்களும் இதே ஸ்காட்லாந்து மரபில் வந்தவைதான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராக 1877 முதல் 1907 வரை இருந்த வில்லியம் மில்லர், மாணவர்களை மதம் மாற்றுவது கல்லூரியின் வேலையில்லை என்றும், கிறிஸ்துவின் சிந்தனை சமூகத்தில் மெல்லப் பரவினால் போதும் என்றும் கருதினார். அவரைச் சொந்த மிஷனைச் சேர்ந்தவர்களே குறை சொன்னார்கள். படித்த மேல்சாதி இளைஞர்கள் மில்லரை மதித்தார்கள், வேதாகமம் படித்தார்கள், ஆனால் திருமுழுக்குக்கு அநேகமாக யாரும் வரவில்லை. அதே காலத்தில், அவர் எண்ணிப் பார்த்திராத திசையிலிருந்து வேறு மக்கள் வந்தார்கள்.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. தரிசு நிலம் கேட்டு யார் தர்க்காஸ்து மனு போட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. பண்ணையாள் குடியிருந்த சேரி மனைகூட அவன் பெயரில் இருக்காது. கூலி உயர்த்திக் கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்வார்கள். 1876-78 பஞ்சத்தில் செத்து விழுந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மக்கள்தாம். மிஷனரிகளை முதலில் தேடிப்போனவர்களும் இவர்கள்தாம். தலித்துகள் தாமாக வந்து கேட்டதையும், அவர்களின் நோக்கம் 'ஆன்மிகமானதா' என்று மிஷன்கள் தயங்கியதையும் ரூபா விஸ்வநாத் தம் ஆய்வு நூலில் (2014) ஆவணங்களோடு விரிவாகக் காட்டியிருக்கிறார்.

தயக்கத்தைக் கடந்தவர்களில் முக்கியமானவர் செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ. அன்று இதே ஜில்லாவில் இருந்த திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி இருந்தார். இருவரும் பண்ணையடிமை முறையைப் பற்றி மாநாடுகளில் பேசினார்கள், எழுதினார்கள், அரசிடம் முறையிட்டார்கள். தர்க்காஸ்து மனுக்கள் எப்படித் தள்ளுபடியாகின்றன என்பதை ஆண்ட்ரூ வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891 இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892 செப்டம்பர் 30 இல் வெளியான அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்க வழி செய்தது. இன்றும் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் மக்கள் சொல்வது அதைத்தான். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆண்ட்ரூ குடியேற்றங்களையும் அமைத்தார். மறைமலைநகருக்கு அருகே இன்றும் இருக்கிற மெல்ரோசாபுரம் அந்தப் பணியின் பெயர்ச்சுவடு.

இப்படி வந்தவர்களைச் 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. சபைக்குள்ளேயே செய்தார்கள். இந்த ஏளனத்தை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். தத்துவ நூல் படித்து ஐயம் தீர்ந்து வருபவனுடைய தேடல் உயர்ந்தது, தன் பிள்ளை அடிமையாகக் கூடாது என்று வருபவளுடைய தேடல் தாழ்ந்தது என்று யார் வகுத்தது? ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தவர், சாப்பிடும் முன் யாரையும் நோக்கம் கேட்டு விசாரித்ததாக நற்செய்தி நூல்களில் இல்லை. அதோடு, வந்தவர்கள் இழந்தவையும் ஏராளம். மிராசுதாரரின் பகை, வேலை இழப்பு, வழக்கு எல்லாவற்றையும் தாங்கித்தான் அவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு வேதம் சொல்லித்தந்த உபதேசியார்களும், வீடு வீடாகப் போய் எழுத்தும் தையலும் ஜெபமும் கற்றுக்கொடுத்த பெண்களும் பெரும்பாலும் அதே சேரிகளிலிருந்து வந்தவர்கள். மிஷன் அறிக்கைகள் வெள்ளைக்காரர் பெயரைப் பதிந்து வைத்த அளவுக்கு இவர்கள் பெயர்களைப் பதிந்து வைக்கவில்லை. நற்செய்தி இந்த மாவட்டத்தில் உண்மையில் யார் வாயால் பரவியது என்பதை எழுத வேண்டிய கடமை நமக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

மதம் மாறாமலே விடுதலை தேடிய குரலும் இதே மண்ணில் எழுந்தது. செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பின்னாளில் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். மதமாற்றம் தீர்வு என்பதை அவர் ஏற்கவில்லை. நற்செய்தியைப் பகிர நினைப்பவர் இந்த மறுப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தன் மக்களின் மானத்தை நன்கு அறிந்த ஒருவர், வாய்ப்பிருந்தும் நன்கு யோசித்துச் சொன்ன 'வேண்டாம்' அது. அந்தச் சொல்லுக்கு இடமில்லாவிட்டால், நாம் பெற்ற 'ஆம்' எதற்கும் மதிப்பில்லை.

பஞ்சமி நிலத்தின் கதை முடியவில்லை. காரணை கிராமத்தில் பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்க 1994 இல் போராட்டம் எழுந்தது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். அவர்கள் பெயர் ஜான் தாமஸ், ஏழுமலை. ஆண்ட்ரூ காலத்தில் எழுதப்பட்ட ஓர் உரிமைக்காக, ஒரு நூற்றாண்டு கழித்து, ஒரு கிறிஸ்தவப் பெயரும் ஒரு பெருமாள் பெயரும் ஒரே நாளில் உயிர்விட்டன. மதத்தைப் பகிர்வது பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இரு பெயர்களையும் சேர்த்தே நினைக்கிறேன்.

தாம்பரம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. 1937 இல் கிறிஸ்தவக் கல்லூரி அங்கே இடம் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை உலக மிஷனரி மாநாடு அந்த வளாகத்தில் கூடியது. சீனாவில் நடக்கவேண்டியது, ஜப்பானியப் படையெடுப்பால் இங்கே மாறியது. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறத்தாழ 470 பேர் வந்திருந்தார்கள். அவர்கள் முன் இருந்த கேள்வியும் நம்முடைய கேள்விதான்: பிற சமயத்தாரிடம் கிறிஸ்துவைப் பற்றி எப்படிப் பேசுவது?

டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் இந்த மாநாட்டுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். கடவுள் கிறிஸ்துவில் தந்த வெளிப்பாடு வேறு, மனிதரின் சமயத் தேட்டம் வேறு, முன்னது பின்னதன் தொடர்ச்சியாகாது என்பது அவர் கட்சி. எதிர்த்துப் பேசியவர் அதே கல்லூரியின் தத்துவப் பேராசிரியர், ராதாகிருஷ்ணனுக்கு ஆசிரியராக இருந்த ஏ.ஜி. ஹாக். கடவுள் மற்றவர்களிடமும் பேசுகிறார், அவர்களுடைய விசுவாசத்தையும் மதித்துக் கேட்கவேண்டும் என்று அவர் வாதிட்டார். சென்னை வட்டாரத்துச் சிந்தனையாளர்கள் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலானோர் கிரேமருக்குப் பதிலாக ஒரு தொகுப்பையே வெளியிட்டார்கள். சபை என்னும் வேலிக்குள் அடங்காத கிறிஸ்துவை அவர்கள் தேடினார்கள்.

கிரேமருடைய அச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன். எல்லாம் ஒன்றே என்றால் பகிர என்ன இருக்கிறது? இருந்தும் ஹாக்கின் பக்கமே என் மனம் சாய்கிறது, ஏனென்றால் அன்றாட வாழ்க்கையில் அது ஒன்றுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் விளக்கேற்றிக் கும்பிடுவதை இருட்டு என்று நினைத்துக்கொண்டே அவரோடு நேர்மையாக நட்புக்கொள்ள எவராலும் முடியாது. ஆனால் இந்த மாநாட்டு வாதங்களில் 'இந்து' என்றால் பெரும்பாலும் வேதாந்தம் கற்ற இந்துதான் கண்முன் நின்றார் என்பது என் கணிப்பு. கல்லூரியிலிருந்து சில மைல் தூரத்தில் சேரியிலிருந்தும் பண்ணையிலிருந்தும் சபைக்கு வந்தவர்களின் அனுபவம் அந்த மேசையில் கேட்ட குரலாக இல்லை.

மாநாட்டுக்கு முன் அதன் தலைவர் ஜான் மாட் காந்தியைச் சந்தித்தார். காந்தியின் நிலைப்பாடு எல்லோரும் அறிந்தது: ரோஜாப்பூ பிரசங்கம் செய்யாமலே மணக்கிறது, கிறிஸ்தவர்களும் அப்படி இருந்தால் போதும். சேவை என்ற பெயரில் ஆள் சேர்த்தவர்களை இந்தச் சொல் சரியாகவே சுட்டது. ஆனால் மனிதருக்கு வாய் இருக்கிறது, மற்றவர் கேள்வி கேட்கிறார்கள். 'உன்னால் எப்படி மன்னிக்க முடிந்தது?' என்று சக ஊழியர் கேட்கும்போது சிரித்துவிட்டு நகர்ந்தால், அது அடக்கம் ஆகாது, அவரை மதிக்காததாகும். தங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கும்படி பேதுருவின் முதல் நிருபம் (3:15) சொல்கிறது. முதலில் கேள்வி, பிறகு பதில் என்ற வரிசையை அந்த வசனத்திலேயே காணலாம்.

சட்டமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இடம்பெற வேண்டுமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை விவாதித்தபோது, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதை ஆதரித்தார். பல ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று சான்று சொன்னார். மில்லர் வழியில் வந்த ஆசிரியர்களின் கண்ணியம், அவர்கள் எதிர்பார்த்திராத விதத்தில், அந்த உரிமையைத் தரும் 25ஆம் பிரிவுக்குத் துணை நின்றது. 1977 இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. தமிழக அரசு 2002 இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004 இல் திரும்பப் பெறப்பட்டது.

கடற்கரைக்கு வந்தால் பேச்சு மாறுகிறது. கோவளத்தில் 1808 இல் ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டிய கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. அதே ஊரில் தமீம் அன்சாரி தர்கா இருக்கிறது. வேண்டுதலோடு வருபவர்கள் மதம் பார்த்து வருவதில்லை. தெற்கே அச்சிறுபாக்கத்து மழை மலை மாதாவிடமும் இதே நிலைதான். இப்படி வரும் இந்துத் தாய்க்கு மாதா மீதுள்ள பக்தியை 'இன்னும் முழுமையாகாத கிறிஸ்தவம்' என்று கணக்கெழுத வேண்டியதில்லை. வரவேற்று, மெழுகுவத்தி ஏற்ற இடம் விட்டால் அதுவே விருந்தோம்பல்.

மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பங்களில் பெரும்பாலோர் பட்டினவர், இந்துக்கள். ஊர்ப் பஞ்சாயத்துதான் அங்கே எல்லாம். ஒரு குடும்பம் ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினால் உடனே எழும் கேள்வி வேதாந்தம் பற்றியது ஆகாது, தலைக்கட்டு வரி பற்றியது. கோயில் திருவிழாவுக்கும் அந்த வரியில்தான் செலவாகிறது, கடலில் காணாமல் போனவரைத் தேடவும் அந்த வரியில்தான் செலவாகிறது. 'கொடுக்காதே, அது விக்கிரகத்துக்கு' என்று வெளியூர் ஊழியக்காரர் சொல்லிவிட்டு மாலையில் பஸ் ஏறிவிடுகிறார். ஊரோடு மோதி நிற்பது அந்தக் குடும்பம். வரியைக் கொடு, பூசைக்கு வராததற்குக் காரணத்தைப் பணிவாகச் சொல், கடலில் யார் தத்தளித்தாலும் முதல் படகு உன்னுடையதாக இருக்கட்டும் என்று சொல்பவரே நல்ல வழிகாட்டி என்பேன்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, இந்தக் கரையைச் சுனாமி தாக்கியது. சபைகள் சோறு சமைத்தன, படகும் வலையும் வீடும் கொடுத்தன. பிறகு, தமிழகக் கரையின் சில இடங்களில் நிவாரணத்தோடு மதத்தை முடிச்சுப் போட்டதாகப் புகார்களும் எழுந்தன. உதவியை மதக் கருத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்று 1994 இலேயே செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து உறுதி எடுத்தவர்களில் கத்தோலிக்கரின் காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. 2011 இல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக எவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து, பல சமயச் சூழலில் சாட்சி சொல்வதற்கான நெறிகளை வெளியிட்டன. வறுமையையும் நோயையும் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதை மூன்று தரப்பும் ஒருசேரக் கண்டித்தன. இந்த நெறிகளைத் தமிழில் எளிய நடையில் அச்சிட்டு ஒவ்வொரு சபையிலும் படிக்கவேண்டும்.

இன்றைய ஜி.எஸ்.டி. சாலைக்கு வருவோம். மறைமலைநகர்த் தொழிற்சாலைகள், மகேந்திரா சிட்டி மென்பொருள் வளாகங்கள், ஆயிரக்கணக்கான வாடகை வீடுகள். விசுவாசத்தைப் பகிர்தல் இங்கே பல வடிவம் எடுத்திருக்கிறது. சிலர் தினமும் காலையில் எல்லா எண்களுக்கும் வசனம் அனுப்புகிறார்கள். சிலர் அடுக்கு வீட்டில் ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கிறார்கள். 'ஏழு நாள் உபவாசம், உங்கள் கடன் தீரும், வியாதி நீங்கும்' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். இந்த வாக்குறுதிகள் எனக்கு ஆழ்ந்த வேதனை தருகின்றன. சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபித்தால் போதும் என்று ஒருவரிடம் சொல்வது, திருமணியில் ஊசி போட்டு, புண்ணைக் கழுவி, பல ஆண்டுகள் பொறுமையோடு காத்திருந்த கிறிஸ்தவ மரபுக்கு நேர்விரோதம்.

மறுபக்கம், பெயரில்லாமல் நடக்கும் சாட்சி நிறைய இருக்கிறது. அதில் பெரும்பங்கு பெண்களுடையது. மீட்டர் வட்டிக்குப் பணம் வாங்கித் தவிக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு நகையை அடகு வைத்துக் கொடுப்பவர்கள், பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கத் துணை இருப்பவர்கள், ஷிப்ட் கணக்கில் பொய் எழுத மறுத்துப் பதவி உயர்வை இழப்பவர்கள். கேட்டால் 'ஆண்டவர் எனக்குச் செய்திருக்கிறார்' என்று ஒரு வரியில் சொல்வார்கள். அதற்குமேல் அவர்களுக்குப் பிரசங்கம் தெரியாது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களில் கிறிஸ்தவப் பழங்குடியினரும் உண்டு. தகரக் கொட்டகையில் படுக்கும் இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்தில் இடம் இருக்கிறதா, அவர்களோடு வரும் மற்ற மதத்து நண்பர்களுக்குக் கூலி பாக்கி வாங்கித்தர நம்மில் யாராவது ஒப்பந்தக்காரரிடம் போய்ப் பேசுவோமா?

கேட்பவர் ஏற்கும் இழப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரானவர் அந்தத் தகுதியை இழக்கிறார். 2007 இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இதை மாற்றச் சொன்னது. 2022 இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் அப்படியே இருக்கிறது. ஆகவே செங்கல்பட்டுச் சேரி ஒன்றில் நாம் நற்செய்தி சொல்லும்போது, கேட்கும் தாய் தன் மகளின் கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக வாழ்பவர்களைப் பிரசங்க மேடையிலிருந்து கோழை என்று கடிந்துகொள்ளும் உரிமை, அந்த இழப்பில் ஒரு பங்கையும் ஏற்காத யாருக்கும் இல்லை. நம் கல்லூரிகளில் அவர்களுக்கு முதல் இடமும் முழுக் கட்டணச் சலுகையும் கொடுத்துவிட்டுப் பிறகு பேசலாம்.

அந்தத் தாய் எல்லாவற்றையும் எடைபோட்டு உள்ளே வந்தால் அவளுக்காக எது காத்திருக்கிறது? விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் சுட்டு இருவர் இறந்தனர். தமிழகத்தில் பல கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சாதிக்கு ஒரு பக்கம். கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் பகுதியில் சபைப் பெயருக்கு அருகிலேயே சாதிப் பெயர் அச்சாகிறது. தெருமுனையில் கைப்பிரதி கொடுக்கப் போகும் முன், அந்த விளம்பரத்திலிருந்து சாதிப் பெயரை எடுக்க நம் வீட்டில் சம்மதமா என்று கேட்டுவிட்டுப் போகலாம். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கல்லறைச் சுவரை முதல் பொருளாக வைக்கலாம்.